மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார மக்களுக்கு எங்கள் நன்றி மடல்

பெரியோர்களே, தோட்டத்து உறவுகளே, வணக்கம்.

உலக அரிய நோய் நாளையொட்டி, பிப்ரவரி மாதக் கடைசியில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்த நிதி விருந்துக்கு வந்தவர்களுக்கும், வர இயலாமல் பணம் கொடுத்தனுப்பியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

எங்கள் மூத்த மகனுக்கு வந்த அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி என்ற நோயின் பெயர் பலருக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. ஆனால் ஏபிசிடி1 என்னும் மரபணுவில் பழுது இருந்தால் மிக நீண்ட கொழுப்பு அமிலங்கள் உடலில் சிதையாமல் தேங்கும் என்பதும், அந்நோய் மூளையைத் தாக்கும் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அழியத் தொடங்கி, கவனமும் செவிப்புலனும் பார்வையும் நடையும் குறைந்துகொண்டே போகும் என்பதும் இன்று நம் வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்றுச் சிகிச்சை தொடக்க நிலையில்தான் பயன் தரும். எங்கள் மகனுக்கு நோய் தெரியவந்தபோது அந்தக் கட்டம் கடந்திருந்தது.

அறிகுறிகளை எளிய தமிழில் எழுதிச் சுவரொட்டியாக்கிய ஆசிரியர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்நோயில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி குன்றுவதால் தோல் கறுக்கும் என்பதை அவர்கள்தாம் முதல் வரியில் போட்டார்கள். (வெயிலில் ஆடிக் கறுத்துவிட்டான் என்று சொல்லிக் கடந்துபோகிற ஊர் அல்லவா நம்முடையது!)

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, கணக்கில் எழுத முடியாதது. இந்தப் பழுது, ஆண்பிள்ளை தாயிடமிருந்து பெறும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அதைச் சுமக்கும் தாயின் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. "பெண் வழியில் வந்த வினை" என்று என் மனைவியின் காதுபடச் சிலர் பேசத் தொடங்கியபோது, மாரியம்மன் கோவில் மாதர் குழுவினர் வீடு வீடாகச் சென்று, இதில் எவர் குற்றமும் இல்லை என்று விளக்கி அந்தப் பேச்சை நிறுத்தினார்கள். அதன் பிறகே அவளுடைய தங்கைகள் தயக்கமின்றித் தங்கள் மகன்களைச் சோதனைக்கு அழைத்து வந்தார்கள். 1981-இல் டாக்டர் ஹியூகோ மோசர் குழுவினர் வெளியிட்ட இரத்தப் பரிசோதனை முறையின் வழியில், அந்த மகன்களில் ஒரு பையனுக்கு நோய் இருப்பது இப்போது தெரிந்துள்ளது. அவனது மூளை இன்னும் பாதிக்கப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தை அப்படியே கொடுத்த செம்பனைத் தொழிலாளர்களையும், அரிசி மூட்டைகளுக்குக் காசு வாங்க மறுத்த மளிகைக்கடை முதலாளியான தௌகேயையும், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டித் தந்த பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக்கையும் மறவோம்.

2022-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கான மரபணுச் சிகிச்சை ஒன்று அனுமதி பெற்றது. ஆனால் அதைப் பெற்ற சிறுவர்கள் சிலருக்குப் பின்னர் இரத்தப் புற்றுநோய் வந்தது. இன்னும் பாதுகாப்பான வழி வேண்டும் என்பதால், திரண்ட தொகையில் எங்கள் செலவுக்கு ஒரு வெள்ளியும் எடுக்காமல் முழுவதையும் ஆராய்ச்சிக்கே அனுப்புகிறோம். வரவு செலவுக் கணக்கு கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ரசீது கிடைக்காதவர்கள் பள்ளி அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பிள்ளையின் பெற்றோர்