தின்னும் ஈ

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கடலோரம் தினமும் நடக்கிறாயா என்று கேட்டிருக்கிறாய். நடந்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம். ஈர மணலில் முக்காலியைப் போட்டு ஈ பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

முதலில் நானும் குப்பை ஈ என்றுதான் விரட்டப் பார்த்தேன். ஆனால் இது மேலே வந்து உட்காரவே இல்லை. அலை பின்வாங்கிய இடத்தில் விறுவிறுவென்று ஓடுகிறது, நிற்கிறது, கொஞ்ச தூரம் பறந்து மறுபடி மணலிலேயே இறங்குகிறது. நீளம் சில மில்லிமீட்டர்தான். வெயில் பட்டால் மங்கிய பச்சையில் ஒரு மினுக்கம். கால்கள்தான் வேடிக்கை. தலைப்பக்கம் மட்டும் செங்கல் வைத்து உயர்த்திய கட்டில் மாதிரி நிற்கிறது.

பூச்சிகளை ஆராயும் ஒருவரிடம் படம் காட்டினேன். நீள்கால் ஈக்களின் குடும்பம், தினோஃபிலஸ் பேரினமாக இருக்கலாம் என்றார். எந்த இனம் என்று சொல்ல ஆண் ஈ ஒன்றை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம். குடும்பத்தில் 7000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கும்போது படத்தை மட்டும் வைத்து அவர் என்னதான் சொல்வார், பாவம்!

தினோஃபிலஸ் என்ற பெயரை 1844-இல் வைத்தவர் வால்பெர்க் என்ற சுவீடன்காரர். கிரேக்கத்தில் ‘தின்’ என்பது கடற்கரை மணல், ‘ஃபிலோஸ்’ விரும்புவது. தமிழ்க் காதுக்கு ‘தின்’ வேறு மாதிரி கேட்கிறது இல்லையா? அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. ஈர மணலில் நெளியும் பொடிப் புழுக்களைப் பிடித்து, வாயின் சதைமடல்களால் கவ்விக் கசக்கி, சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைப் போட்டுவிடும். அலை ஈரமாக்கிய பட்டையை விட்டு அது ஏன் அகலுவதில்லை என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. இரை அங்கேதானே இருக்கிறது!

குட்டிப் பருவமும் ஈர மண்ணுக்குள்தான். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் கூட்டுப்புழுவாகும் முன் மண்துகள்களை ஒட்டி ஓர் உறை கட்டிக்கொள்கின்றன. உள்ளே இருப்பதற்கு முன்பக்கத்தில் மூச்சுவிட இரண்டு கொம்புகள். அதை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று மணலைக் கிளறிக் கிளறி நகத்தடியெல்லாம் மண். இன்னும் ஒன்றுகூட அகப்படவில்லை.

சரி, உன் பழைய கேமராவோடு பூச்சி எடுக்கிற லென்ஸ் ஒன்று இருந்ததே, பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறதா? இருந்தால் வரும்போது எடுத்து வா. உனக்கும் ஒரு முக்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்