புதைகுழிகளை அகழத் தெரிந்தவர்களுக்கு அரச ஆளணியில் இடம் கொடுங்கள்

கௌரவ நீதி அமைச்சர், கௌரவ சுகாதார அமைச்சர் இருவருக்கும்,

நான் கொழும்பில் தொழில் செய்யும் சட்டத்தரணி. என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பிலிருந்து ஆளை அடையாளம் காணும் தடயவியல் மானிடவியலாளர், புதைகுழியைச் சாட்சியம் கெடாமல் அகழும் தடயவியல் தொல்லியலாளர் என்ற பதவிகளை அரச ஆளணியில் உருவாக்குங்கள். அவர்களுக்கு நிரந்தரச் சம்பளமும் ஓர் ஆய்வுகூடமும், அவர்களிடம் தொழில் பழக இளையவர்களும் வேண்டும்.

இப்போது எங்கேயாவது மனித எலும்பு தெரிந்தால் விடயம் பொலிஸ் வழியாக நீதவானிடம் போகிறது. அவர் சட்ட வைத்திய அதிகாரியை அழைக்கிறார். அந்த அதிகாரி சுகாதார அமைச்சின் கீழ் வேலை செய்பவர். அகழ்வுக்கான பணமோ நீதி அமைச்சிலிருந்து வரவேண்டும். தொல்லியல் தெரிந்தவரைப் பல்கலைக்கழகத்தில் தேட வேண்டும். மாத்தளை, மன்னார், கொக்குத்தொடுவாய், கொழும்புத் துறைமுகம், செம்மணி என்று எந்த மனிதப் புதைகுழியை எடுத்தாலும் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் பெயர்தான் வருகிறது. அவருடைய உழைப்புக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். ஆனாலும் இத்தனை புதைகுழிகள் உள்ள நாடு ஒரே மனிதரின் நேரத்தையும் உடல்நலத்தையும் நம்பி இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018இல் மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளவில் கட்டட வேலை, 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் வேலை, 2024இல் கொழும்புத் துறைமுகத்துக்கான நெடுஞ்சாலை வேலை, 2025இல் செம்மணி சித்துபாத்தி மயானத்தில் தகனமேடை வேலை. நான்கு இடத்திலும் எலும்பு வெளிவந்தது வேறு வேலைக்கு மண்ணைத் தோண்டியபோதுதான். அந்த முதல் சில மணி நேரம்தான் மிக முக்கியம். ஒருமுறை தோண்டி மூடிய மண்ணின் நிறமும் இறுக்கமும் சுற்றியுள்ள மண்ணைப் போல இருக்காது. பழகிய கண்ணுக்குக் குழியின் விளிம்பு தெரியும். குழியைக் கையால் வெட்டினார்களா, இயந்திரத்தால் வெட்டினார்களா, உடல்கள் ஒரே தடவையில் போடப்பட்டவையா, கைகள் எந்த நிலையில் இருந்தன என்பதையெல்லாம் அந்த மண்ணிலிருந்தே வாசிக்கலாம். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இன்னும் இரண்டு தடவை வாரிவிட்டால் அந்தச் சாட்சியம் போனது போனதுதான். எந்த ஆய்வுகூடமும் அதைத் திருப்பித் தராது. செய்தி வந்த அன்றே வண்டியேறக்கூடிய ஒரு குழு வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

மன்னாரில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின, அவை பல நூறு ஆண்டுகள் பழையவை என்று 2019இல் பதில் வந்தது. அந்தச் சில மாதிரிகள் குழி முழுவதற்கும் பேசுமா என்ற சந்தேகம் குடும்பங்களுக்கு இன்னும் தீரவில்லை. மாத்தளையிலும் அப்படித்தான். 1980களின் பிற்பகுதி என்று ஓர் அறிக்கை, 1950க்கு முந்தியது என்று வெளிநாட்டு ஆய்வுகூடம். அங்கே காத்திருந்தவர்கள் அந்த 1980களின் கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மார். எலும்பின் வயதைக் கணிக்கும் காபன் பரிசோதனையில் குறை இல்லை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய காபன் அதற்குப் பின் வாழ்ந்தவர்களின் பற்களிலும் எலும்பிலும் பதிந்திருக்கும், அதை அளக்க முடியும். ஆனால் எந்த அடுக்கிலிருந்து, யாருடைய பல்லை, ஏன் எடுத்தோம் என்று நீதிமன்றத்தில் நின்று சொல்லக்கூடிய ஆள் வேண்டும்.

இது போர்க்காலத்துக்கு மட்டும் உரிய விடயமும் அல்ல. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பில் இறந்தோர் 359 என்று ஒரு கட்டத்தில் சொன்னார்கள், மறுநாளே ஏறத்தாழ 253 என்று திருத்தினார்கள். சிதைந்த உடல்களை இருமுறை எண்ணியிருக்கலாம் என்று அதிகாரிகளே விளக்கம் சொன்னார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் உறவுகளைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் என்னவாக இருந்திருக்கும்! கலந்துபோன உடற்பாகங்களைப் பிரித்து ஆளை அடையாளம் காண்பது மானிடவியலாளரின் அன்றாட வேலை.

ஆர்ஜென்டீனாவில் 1984இல் மாணவர்கள் சிலர் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள், இன்று உலகமே அவர்களை அழைக்கிறது. நம்மிடமும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்பிலேயே மருத்துவ பீடத்தில் சட்ட மருத்துவமும், பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் தொல்லியலும் படிப்பிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பிறகு போய்ச் சேர ஒரு பதவி இருக்க வேண்டாமா?

செம்மணியில் 2025 ஆகஸ்டில் குழியிலிருந்து எடுத்த பொருட்களைப் பார்க்க வந்தவர்களில் பலர் வயதானவர்கள். மரபணுவை ஒப்பிடப் பெற்றோரின் இரத்தம்தான் மிகப் பெரிய துணை, அந்தப் பெற்றோர் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் மூன்று விடயங்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். எத்தனை பதவிகள், எந்த அமைச்சின் கீழ், எந்த மாதத்திலிருந்து?

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சட்டத்தரணி