புல்லட்டுக்குப் புதுச் சைலன்சர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

நலம், நீயும் வீட்டாரும் நலந்தானே? அப்பாவின் 1978ஆம் ஆண்டுப் புல்லட்டை நீ மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது பெரிய மகிழ்ச்சி. சைலன்சர் அடிப்பக்கம் துருவேறிப் பொத்தலாகிவிட்டது, வெளிக்கடையில் விற்கும் மெகாபோனை, அதாவது வாய் விரிந்த கூம்புச் சைலன்சரை, மாட்டலாமா என்று கேட்டிருந்தாய்.

அது ஏன் பொத்தலானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். அப்பா கடைசி நாட்களில் செய்ததுபோல் கடைத்தெருவரை மட்டும் போய்த் திரும்பினால், சைலன்சரின் பின்பகுதி சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். அமிலம் கலந்த அந்த நீர் தாழ்வான இடத்தில் தங்கி, வெளியே குரோம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து தகட்டை அரிக்கிறது. எந்தச் சைலன்சரை மாட்டினாலும் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடு. வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டு.

மெகாபோன் வேண்டாம் என்பது என் கருத்து. புகை வெளியேறும் வால்வு திறந்ததும் பாயும் அழுத்த அலை, குழாயின் விரிந்த வாயை அடைந்ததும் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நொடியில் எஞ்சிய புகையை இழுத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பந்தய வண்டியின் உயர்ந்த சுழற்சி வேகத்தில்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும். 70 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட நம் 346 சிசி எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் நிதானமாக இழுப்பதற்கென்றே செய்யப்பட்டது. அங்கே மெகாபோன் சத்தத்தை மட்டும் கூட்டி, இழுவையைக் குறைத்துவிடும். கோல்ட் ஸ்டார் என்ற இன்னொரு வகைச் சைலன்சரைக் கேட்டாலும் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிஎஸ்ஏ நிறுவனம் செய்த கோல்ட் ஸ்டார் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டதும் எழும் கீச்சொலிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. நம் கடைகளில் அந்தப் பெயரோடு தொங்குபவற்றில் பெரும்பாலும் வடிவம் மட்டுமே வந்திருக்கிறது. வாங்குமுன் பின்வாயில் டார்ச் அடித்துப் பார். துளையிட்ட உட்குழாயும் அதைச் சுற்றிச் சத்தத்தை அடக்கும் கிளாஸ் வூலும் (கண்ணாடி இழைப் பஞ்சு) இருக்க வேண்டும். மறுமுனை வெளிச்சம் மட்டும் தெரியும் வெற்று டப்பாவானால் வைத்துவிட்டு வந்துவிடு.

மாட்டும்போது அவசரப்படாதே. எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பை எஞ்சின் தலையில் சொருகி, சைலன்சரைப் பின் பிராக்கெட்டில் தொங்கவிட்டு, எல்லா நட்டுகளையும் தளர்வாகவே வைத்துக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வா. பிராக்கெட்டுக்கும் சைலன்சருக்கும் இடைவெளி இருந்தால் வாஷரால் நிரப்பு. நட்டைத் திருகி வலுக்கட்டாயமாக இழுத்துச் சேர்த்தால், ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் வெல்டிங் விட்டுப்போகும். கிக்கரை முழுவதும் மிதித்துப் பார், ஸ்டாண்டை ஏற்றி இறக்கிப் பார், பின் சக்கர அச்சை உருவ இடமிருக்கிறதா என்றும் பார். பஞ்சரானால்தான் அந்த அருமை தெரியும்.

பிறகு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர். பட்டறைகளில் பலரும் இதைத் தொடாமலே வண்டியை அனுப்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம். புகை தாராளமாக வெளியேறினால் காற்று கூடி, பெட்ரோல் விகிதம் குறையும். பெண்ட் பைப் நீலம் பாயும், ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கும். ஆனால் வெடித்தவுடன் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றிவிடாதே, முதலில் குழாய் இணைப்புகளில் புகை ஒழுக்கைத் தேடு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்வாயை ஈரத்துணியால் சற்றே அடைத்தால், ஒழுகும் இணைப்பு சீறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒழுக்கு இல்லையென்று உறுதியான பின், ஆளில்லாத சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டரில் சிறிது ஓட்டி, கிளட்சைப் பிடித்த கையோடு எஞ்சினையும் அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பார். பிளக் முனையின் பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தால் கையை வைக்காதே. வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை ஓர் எண் ஏற்று, பெட்ரோல் கூடும். கரி பூத்திருந்தால் இறக்கு. பாதி ஆக்சிலரேட்டரில் மட்டும் திணறினால், கார்புரேட்டர் ஊசியைப் பிடித்திருக்கும் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும்.

சட்டத்தையும் நினைவில் வை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவுப்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும். பறிமுதல் செய்த சைலன்சர்கள்மேல் போலீசார் ரோடு ரோலரை ஏற்றும் காட்சியை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். அதைவிட, காலையில் பால் வாங்கப் புறப்படும்போது எதிர்வீட்டுக் குழந்தை விழித்து அழாமல் இருப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழைய சைலன்சரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதே. பொத்தலை அடைத்து மறுபடி குரோம் ஏற்ற முடியுமா என்று ஒரு நல்ல வெல்டரிடம் காட்டு; ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிக்கும்போது அசல் பொருள் கையிலிருந்தால் பேச்சு குறையும். என்னிடம் நாலைந்து அளவில் மெயின் ஜெட்டுகள் கிடக்கின்றன. அடுத்த வாரம் அந்தப் பக்கம் வரும் மைத்துனரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாட்டி ஓட்டிவிட்டுப் பிளக் என்ன நிறத்தில் இருந்தது என்று எழுது.

அன்புடன்,
ராமநாதன்