ரைஸ் தெருச் சிறையின் குழாய்களும் நம் வரிப்பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 ஆகஸ்டு 24 ஆம் நாள் இரவு டொனால்டு டிரம்ப் கைது செய்யப்பட்டுப் புகைப்படம் எடுக்கப்பட்டபோது, ஜார்ஜியா மாநிலத்தின் ஃபுல்ட்டன் கவுன்ட்டிச் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சிறை தமிழ்ப் பத்திரிகைகளிலும் தலைப்புச் செய்தி ஆயிற்று. அவர் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் வெளியே வந்துவிட்டார். செய்தியும் அத்துடன் முடிந்துவிட்டது. அட்லாண்டா நகரின் ரைஸ் தெருவில் உள்ள அந்தக் கட்டடத்துக்குள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அடைபட்டுக் கிடப்பவர்கள் எந்தத் தரையில் படுக்கிறார்கள், எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இதே கவுன்ட்டியின் வடகோடியில், ஜான்ஸ் கிரீக்கில் வசிக்கிறேன். இங்கும் அருகிலுள்ள ஆல்ஃபரெட்டாவிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் வீட்டுவரிச் சீட்டில் பள்ளிக்கும் நகராட்சிக்கும் போகும் தொகைகளோடு கவுன்ட்டிக்குப் போகும் தொகையும் தனியாக அச்சிடப்பட்டு வருகிறது. அந்தச் சிறை நடப்பது அந்தப் பணத்தில்தான். கட்டடப் பராமரிப்புத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்பதால், அரசு அறிக்கைகளைப் படித்தபோது மற்றவர்கள் மேலோட்டமாகக் கடந்துபோகக்கூடிய சில வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அமெரிக்காவில் கவுன்ட்டிச் சிறை என்பது தண்டனை பெற்றவர்கள் நெடுங்காலம் அடைபடும் மாநிலச் சிறை அன்று. விசாரணைக்காகக் காத்திருப்பவர்களும், ஜாமீன் கட்டப் பணமில்லாதவர்களும், சிறு குற்றங்களுக்காகக் குறுகிய தண்டனை பெற்றவர்களுமே பெரும்பாலும் அங்கே இருக்கிறார்கள். 2022 ஜூன் மாதம் ஒரு சிறு அடிதடி வழக்கில் கைதாகி ரைஸ் தெருவுக்குக் கொண்டுவரப்பட்ட 35 வயது மனிதர் ஒருவர், மனநலப் பிரிவின் அறை ஒன்றில் மூன்று மாதம் கிடந்து, செப்டம்பரில் அங்கேயே இறந்துபோனார். அவருடைய உடலிலும் அறையிலும் மூட்டைப்பூச்சிகள் மொய்த்திருந்தன. கவுன்ட்டியின் மருத்துவப் பரிசோதகர் இறப்பின் காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றார். குடும்பத்தின் சார்பில் செய்யப்பட்ட தனிப் பரிசோதனையோ கடுமையான புறக்கணிப்பினால் நேர்ந்த மரணம் என்று கூறியது. 2023 இல் குடும்பத்தாருக்கு 40 லட்சம் டாலர் தர கவுன்ட்டி ஒப்புக்கொண்டது. அந்த அறையின் புகைப்படங்களை நானும் பார்த்தேன். எத்தனையோ பாழடைந்த கட்டடங்களுக்குள் வேலை நிமித்தம் நுழைந்திருக்கிறேன், ஆனால் மனிதர் வாழ்ந்துகொண்டிருந்த ஓர் அறையை அந்த நிலையில் நான் கண்டதில்லை.

அதன்பின் அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் இந்தச் சிறையைப் பற்றி 2023 ஜூலையில் விசாரணை தொடங்கி, 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. உடைந்த கழிப்பறைகளிலிருந்தும் கை கழுவும் தொட்டிகளிலிருந்தும் வழிந்து தேங்கிய நீர், கரப்பான்களும் எலிகளும், வெளியே தொங்கும் மின்கம்பிகள், சுகாதாரமற்ற உணவு, சரியாகப் பூட்டாத அறைக்கதவுகள் என்று அந்த அறிக்கை விவரிக்கிறது. இடிந்துவரும் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டுகளைக் கைதிகள் கத்தியாகத் தீட்டிக்கொள்கிறார்கள் என்றும் அதில் கண்டிருக்கிறது. பராமரிப்பு இன்மையும் வன்முறையும் வேறு வேறல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பூட்டு பழுதானால் அது தச்சுவேலை என்று வெளியில் நாம் நினைப்போம். அங்கே பூட்டு பழுதானால் இரவில் எவரும் எவர் அறைக்குள்ளும் நுழையலாம்.

இந்தக் கட்டடம் 1989 இல் திறக்கப்பட்டது. சுமார் 1,100 பேருக்காக வடிவமைத்துவிட்டு, பிறகு ஒருவர் அறையில் இரண்டு கட்டில்களைப் போட்டு, ஒரு கட்டத்தில் 3,000 பேருக்கு மேல் அடைத்து வைத்தார்கள். கழிவுநீர்க் குழாயின் விட்டம் கட்டில்களோடு சேர்ந்து பெருகுவதில்லை. மாடிக் கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அறைகளின் கழிவெல்லாம் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்கும். அதன் அடியில் ஒரு கிழிந்த துணியோ பிளாஸ்டிக் உறையோ சிக்கிக்கொண்டால், மேலே இருப்பவர் நீரைத் திறந்துவிடும் ஒவ்வொரு முறையும் கீழே இருப்பவரின் கழிப்பறை பொங்கி வழியும். தவறு செய்தவர் ஒருவர், அந்த நீரில் கால் நனைத்து நிற்பவர் வேறொருவர். அடைப்பை எடுக்க ஒரு தொழிலாளி அறைக்குப் பின்புறமுள்ள குறுகிய குழாய்ச் சந்துக்குள் போக வேண்டும். அவரோடு காவலர் வர வேண்டும். காவலர்களோ போதிய அளவில் இல்லை. அதனால் காலையில் எழுதி வைத்த பழுது மாலைக்குப் போகிறது, மாலைப் பழுது அடுத்த வாரத்துக்குப் போகிறது. தரையைத் துடைக்கத் துடைப்பமும் வாளியும் கொடுத்துக் கைதிகளை வெளியே விடுவதற்கும் காவலர் வேண்டும் அல்லவா!

மூட்டைப்பூச்சியின் கதையும் இதுவேதான். மருந்து மட்டும் தெளித்து அதை ஒழித்தவர் யாரும் இல்லை. அறையைக் காலி செய்து, மெத்தையைச் சுத்தம் செய்து, துணியை வெந்நீரில் போட்டு, சுவர் விரிசல்களை அடைத்து, சில வாரங்கள் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். நிரம்பி வழியும் சிறையில் எந்த அறையைக் காலி செய்வது? அட்லாண்டா நகரத் தடுப்புக்காவல் நிலையத்தில் 700 படுக்கைகளை வாடகைக்கு எடுக்க 2022 இல் ஒப்பந்தம் போட்டபோது ஒரு வழி பிறந்தது. பகுதி பகுதியாக ஆட்களை மாற்றி உள்ளே பழுதுபார்க்கவும் செய்தார்கள். அதுவே சரியான முறை என்று என் தொழிலறிவு சொல்கிறது. ஆனால் ஒருமுறை பழுதுபார்த்த பகுதியில் மறுநாளே இருமடங்கு ஆட்களை ஏற்றினால், செலவழித்த பணம் ஓராண்டு கூடத் தாங்காது.

இது புதிதாக முளைத்த நோயும் அன்று. நெரிசலும் பழுதும் குறித்து 2004 இல் வழக்குத் தொடரப்பட்டு, 2006 முதல் 2015 வரை இதே சிறை நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. கண்காணிப்பு விலகி ஏழு ஆண்டுகளில் அந்த மனிதர் இறந்தார். 2025 ஜனவரியில் மீண்டும் அத்தகைய ஒரு நீதிமன்ற ஆணைக்குக் கவுன்ட்டி ஒப்புக்கொண்டது. சிறையை நடத்துபவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஷெரிஃப் என்னும் கவுன்ட்டிக் காவல் அதிகாரி. பணத்தை ஒதுக்குவது மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஏழு பேர் கொண்ட ஆணையர் குழு. பணம் போதவில்லை என்று ஒருவரும், கொடுத்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்று மற்றவர்களும் சொல்லிக்கொண்டிருக்கும்போது பழுது பழுதாகவே நிற்கிறது. ஏறத்தாழ 200 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிடப்பட்ட புதிய சிறைத் திட்டத்தை ஆணையர் குழு 2024 ஜூலையில் கைவிட்டது. புதிய கட்டடம் தேவையா என்பது பெரிய விவாதம், அதற்குள் நான் போகவில்லை. எந்தக் கட்டடம் எழுந்தாலும் அது எழுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பழைய கட்டடத்தில் ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் கழிப்பறை வேண்டும்.

தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை அழைத்துவரக் காத்திருந்தபோது இதைப் பற்றிப் பேசினேன். "குற்றம் செய்தவனுக்கு என்ன வசதி வேண்டிக் கிடக்கிறது, அண்ணா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல மனிதர், மனதில் பட்டதைக் கேட்டார். குற்றம் செய்தாரா இல்லையா என்பதே இன்னும் முடிவாகாதவர்கள் இவர்கள் என்பதுதான் என் பதில். தீர்ப்புக்கு முன் விசாரணைக் கைதியைத் தண்டிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979 ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. எந்த நீதிபதியும் எவருக்கும் மூட்டைப்பூச்சியைத் தண்டனையாக விதித்ததில்லை. நாளை ஒரு வாகன விபத்திலோ வீட்டுத் தகராறிலோ நம் பிள்ளைகளுள் ஒருவர் கைதானாலும் அழைத்துச் செல்லப்படக்கூடிய இடம் இதுதான் என்றேன். அவர் அதன்பின் பேசவில்லை.

நான் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு மாதமும் எத்தனை பழுதுகள் பதிவாயின, எத்தனை சரிசெய்யப்பட்டன, பதிவான நாளுக்கும் சரிசெய்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் சென்றது என்ற கணக்கைக் கவுன்ட்டி பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். நான் வேலை செய்யும் எந்தக் கட்டடத்திலும் இந்தக் கணக்கு இல்லாமல் ஒரு மாதம் கழிவதில்லை. கழிப்பறை, பூட்டு, மின்கம்பி ஆகிய மூன்றுக்கும் கால வரம்பு இருக்க வேண்டும். ஆணையர் குழு மாதத்தின் முதல், மூன்றாம் புதன்கிழமைகளில் அட்லாண்டாவின் பிரையர் தெருவில் கூடுகிறது. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன். என் காரில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. வர விரும்பும் தமிழ் அன்பர்கள் தமிழ்ப் பள்ளி வாசலில் என்னைக் கண்டு சொல்லலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஜான்ஸ் கிரீக், ஜார்ஜியா