கக்கன் ஐயாவுக்கு: அந்த மருத்துவமனைக் கட்டிலைத் தாண்டி

மதிப்பிற்குரிய கக்கன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 18 அன்று தங்கள் பிறந்த நாளில் ஒரே கதைதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் கிடந்ததும், வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். செய்தி அறிந்து தங்களைத் தேடி வந்ததும்தான் அந்தக் கதை. உண்மைக் கதைதான். ஆயினும் அதை இத்தனை முறை சொல்லிச் சொல்லி, தங்களை அந்தக் கட்டிலிலேயே படுக்க வைத்துவிட்டோமோ என்று எனக்கு உறுத்துகிறது.

1908இல் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் ஒரு பூசாரியின் மகனாகப் பிறந்த தாங்கள், 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் ஒருவர். கிராமத்துச் சாமிக்குப் பூசை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு ஊர்ப் பெருங்கோயிலின் வாசல் தீண்டாமையால் அதுவரை மூடியிருந்தது. பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தார்கள்; நுழைந்தவர்கள் மீதும் கோயில் நிர்வாகத்தினர் மீதும் வழக்கு பாயாதிருக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. 1955இல் ஐயர் மறைந்தபோது தாங்கள் மகனைப் போல் மொட்டையடித்துக்கொண்டதாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சிறைவாசம், அரசியல் நிர்ணய சபை, 1952இல் நாடாளுமன்றம், காங்கிரஸ் கமிட்டித் தலைமை என்று அடுத்தடுத்து வந்தவற்றை விரித்து எழுத இங்கே இடமில்லை. 1957இல் காமராசர் தங்களிடம் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். ஆண்டிபட்டிக்கு அருகில் வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டபோது அந்தத் துறையின் அமைச்சர் தாங்கள். கிழிந்த வேட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மதகுகளைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று நான் பலமுறை வியந்ததுண்டு. ஏழ்மையைப் புகழ்வதற்குச் செலவு இல்லை என்பதால் இருக்கலாம்.

கட்டில் கதை மறைத்துவிடும் இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தங்கள் மீதுள்ள மதிப்போடுதான் எழுதுகிறேன். 1963இல் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது உள்துறை தங்களிடம் வந்தது. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில், காங்கிரஸ் மாவட்ட அலுவலகத்தின் அருகே மாணவர் ஊர்வலத்தோடு மூண்ட மோதலிலிருந்து இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, ராணுவம் வந்தது. அரசுக் கணக்கின்படியே இறந்தவர்கள் ஏறத்தாழ 70 பேர். காவல்துறை தங்கள் பொறுப்பில் இருந்த காலம் அது. நேர்மையாளர் என்பதற்காக அந்தப் பக்கத்தை மடித்து வைப்பது தங்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதவில்லை. 1967 தேர்தலில் மேலூர் தெற்குத் தொகுதி தங்களைத் தோற்கடித்ததற்கும் அந்த நாட்களின் கோபம் ஒரு காரணம்.

தோல்விக்குப் பின் 1981 டிசம்பர் 23 வரை பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தீர்கள். அந்த நீண்ட காலத்தில் யாராவது தங்கள் எதிரில் அமர்ந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். சட்டம் தமக்குக் காப்பாக வருமுன்பே கோயில் வாசலைக் கடந்தவர், அதே மதுரையின் பிள்ளைகள் தெருவில் இறங்கியபோது உள்துறை அமைச்சரின் நாற்காலியிலிருந்து எதைக் கண்டார், ஐயா?

பணிவுடன்,
மேலூர்ப் பக்கத்து வாசகன்