வார்டுக்குப் போகுமுன்: மாஸ்க்கும் ஊசியும்

டர்பன் நர்சிங் குழுத் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். திங்கட்கிழமை முதல் உங்களுக்கு வார்டு. அதற்குள் நுரையீரல் பாடத்தை இன்னொரு முறை புரட்டுங்கள்.

5 மைக்ரானுக்கும் சிறிய துகள் மூக்கிலோ மூச்சுக்குழாய்ச் சளியிலோ சிக்காமல் நேரே காற்று நுண்ணறை வரை போய்விடும். காசநோய்க் கிருமி இறங்குவது இப்படித்தான். சர்ஜிக்கல் மாஸ்க் இருமும் நோயாளிக்கு; உங்களுக்கு நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க். மேல் பட்டை பின்னந்தலையில் உயரமாக, கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து இடைவெளி விழும். பிறகு மூச்சை வேகமாக விட்டுப் பாருங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் கசிகிறது. தாடி மேல் சரியாகப் பொருந்தாது, தம்பிகள் மழித்துவிட்டே வாருங்கள். குளிர்காலமானாலும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

கையில் ஆல்கஹால் 20–30 விநாடி தேய்க்க வேண்டும். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வரும் பேதி என்றால் சோப்பும் தண்ணீரும்தான், 40–60 விநாடி. அந்தக் கிருமியின் வித்துகள் (ஸ்போர்) ஆல்கஹாலில் சாகாது.

தவறி உங்கள் கையில் ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காதீர்கள். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள், பயந்து மறைக்கவே வேண்டாம். எச்ஐவி தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீர்கள். அப்படியே ஷார்ப்ஸ் டப்பாவில், அதாவது கூரான கழிவுக்கான டப்பாவில் போடுங்கள். டப்பா முக்கால் நிறைந்ததும் அதை மூடிவிட்டு வேறு டப்பா வைக்கச் சொல்லுங்கள்.