பருவமழை மடலில் மழை அளவையும் எழுதுங்கள்

இலங்கை மலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கு,

வருடக் கடைசியில் நீங்கள் வளாகத்தாருக்கு அனுப்பும் மடலில் பட்டமளிப்பு, புதுக் கட்டடம், பண்டிகை வாழ்த்து எல்லாம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் அது வந்து சேர்வது வடகீழ் பருவப்பெயர்ச்சி மழை மலையை விட்டு நகராத நேரத்தில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களை என்ன பாடுபடுத்தியது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விடுதிகளையும் சரிவுகளையும் பராமரிக்கிற நாங்கள் கேட்பது, மடலின் முதல் பக்கத்தை மழைக்கும் மண்சரிவுக்கும் கொடுங்கள் என்பதுதான்.

“அவதானமாக இருங்கள்” என்ற வரியைப் படித்து யாரும் நடுச்சாமத்தில் கட்டிலை விட்டு எழும்ப மாட்டார்கள். எண்ணை எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் பையைக் கட்டித் தயார். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகள் இவை. அதன் அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருவதால், உங்கள் விடுதிக்கு மேலே எவ்வளவு பெய்தது என்பதை அது சொல்லாது. மலையில் ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் தூறும். அதனால் விடுதிக்கு ஒரு மழைமானி வேண்டும். வாங்கும் வரை, அடி தட்டையான, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாத்திரமும் அடிமட்டமும் போதும். வாளி சரிவராது, வாய் அகன்றிருப்பதால் கூட்டிக் காட்டும். மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில் வைத்து, காலை 8.30க்குப் பார்த்து ஊற்றிவிட வேண்டும். பலத்த மழையென்றால் இரவுக் காவலாளி மணிக்கொருமுறை குறிக்கட்டும்.

கூரைத் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 100 சதுர மீற்றர் கூரையில் 75 மி.மீ. பெய்தால் 7,500 லீற்றர். பீலி உடைந்திருந்தால் அத்தனையும் விடுதிக்குப் பின்னால் வெட்டிய மண்ணில்தான் இறங்கும். தண்ணீர் ஊற ஊற மண்ணின் பிடி விடும். தாங்குசுவரில் வரிசையாக ஓட்டை விட்டிருப்பது அந்தத் தண்ணீர் வெளியே வரத்தான். பெயின்ட் அடிக்க வருகிறவர்கள் அதைச் சிமெந்து வைத்துப் பூசிவிட்டுப் போவார்கள், பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும்! அடைமழையிலும் சொட்டாத ஓட்டைதான் சந்தேகத்துக்குரியது. மழை விட்ட நாளில் கம்பி விட்டு அடைப்பை எடுக்க வேண்டும். கானில் நிறைந்து கிடக்கும் பைனஸ் சருகையும் அன்றே அள்ளிவிடலாம்.

நிலத்தில் புது வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று, நேற்றுவரை மூடி இன்று மூடாத கதவு: இவற்றை யார் கண்டாலும் யாருக்குச் சொல்வது? வளாக இலக்கம் ஒன்றையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் மடலில் போடுங்கள். மழை விட்டதும் அறைக்குத் திரும்பக் கூடாது என்றும் எழுதுங்கள். உள்ளே ஊறிய தண்ணீர் வடியுமுன் சரிந்த இடங்கள் உண்டு.

எங்கே போவது என்பதைக் கட்டடத்தின் பெயரோடு சொல்லுங்கள். திறந்த மைதானம் எல்லா இடத்திலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. பேராதனையில் மகாவலிக் கரையோரத் தாழ்நிலத்துக்கு மாணவர்களை அனுப்ப முடியுமா? ஒதுங்கப் போகும் கட்டடத்தின் திறப்பு இரவில் யாரிடம் என்பதும் தெரிய வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

குளிருக்கு வாளியில் ஹீட்டர் கொயில் போடுவதைத் தடை செய்தால் மட்டும் நிற்காது. மாடிக்கு ஒரு சுடுநீர்க் குழாய் கொடுங்கள். மின்கசிவில் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அமத்தியும் கரண்ட் போகாவிட்டால் அதை மாற்ற வேண்டும்.

பரீட்சையைத் தள்ளிவைப்பதென்றால் முதல் நாள் பின்னேரம் 3 மணிக்குள் சொல்லுங்கள். லுணுகலையிலிருந்தோ அட்டனிலிருந்தோ வருகிற பிள்ளை அதற்குப் பிறகு பஸ் ஏறிவிடும். பாதை அடைபட்டு வராதவர்களுக்கு கிராம உத்தியோகத்தர் கடிதம் போதும் என்றும், பிறகு எழுதும் பரீட்சை முதல் தடவையாகவே கணக்கெடுக்கப்படும் என்றும் எழுத்தில் வேண்டும்.

தமிழ்ப் பிரதி சிங்களப் பிரதியோடு ஒரே நேரத்தில் வரட்டும். அவசர அறிவித்தல்களை மூன்று மொழியிலும் இப்போதே எழுதி, திகதிக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டு வைத்தால், இரவு இரண்டு மணிக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
விடுதி, பராமரிப்புப் பிரிவுகளின் தமிழ் ஊழியர்கள்